உப்புச் சேற்றில் ஒரு தளை

வலேரா அந்த இரும்பைத் தூக்கி மேஜைமேல் வைத்ததும் மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்த மேஜைக்குக் கால் ஆட்டம் என்பது ஊருக்கே தெரியும். வலேரா மட்டும் அதைத் தன் இரும்பின் பெருமையாக எடுத்துக்கொண்டான்.

"பாத்தியா கனத்த? முந்நூறு வருஷக் கனம்."

"வயசானா எல்லாருக்கும் கனம் கூடத்தான் செய்யும். உன் இடுப்பப் பாரு," என்றேன்.

செய்சென் அகாய் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற ஆளே இல்லை; மூத்தவர் என்கிற மரியாதையில்தான் அகாய் என்கிறோம். மாவட்டப் போலீஸில் புலன்விசாரணை செய்துகொண்டிருந்தவர். மேலதிகாரியின் மைத்துனனைக் கைது செய்த புண்ணியத்துக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடை மாடியில், துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். கென்ஜே என்கிற எனக்கு அங்கே கார் ஓட்டுவதும் டீ போடுவதும் வேலை. வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் வேலைதான் என்று அகாய் சொல்கிறார். சம்பளம் பேசும்போது அதைச் சொல்லவில்லை.

மேஜைமேல் கிடந்தவை இரண்டு இரும்பு வளையங்கள். ஒவ்வொன்றும் கீல் வைத்துத் திறந்து மூடுவது, மூடினால் திருகுச் சாவியால் பூட்டுவது. நடுவே முரட்டுக் கண்ணிகளாலான ஒரு குட்டைச் சங்கிலி. ஒரு வளையத்தின் வெளிப்பக்கம் இரண்டு பல் முள்கரண்டி போல ஒரு வெட்டுக்குறி. காற்றுப் புகாத கறுப்புச் சேற்றில் கிடந்ததால் துரு அதிகம் தின்னவில்லை. வலேரா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ரஷ்யன். ஓய்வு கிடைத்த நாளிலிருந்து மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு புல்வெளி முழுக்கச் சுற்றுகிறான். இந்த இரும்பை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தானே ஒரு சாவி ராவி, பூட்டையும் திறந்துவிட்டிருந்தான்.

"மியூசியத்துல காட்டினேன். ஜுங்கார் படை வந்த காலத்து அடிமை விலங்காம். மனுஷன் காலுக்குப் போட்டதாம். அல்மாட்டில ஒருத்தர் வாங்கறதுக்கு ரெடியா இருக்கார்," என்றான் வலேரா.

"அப்புறம் ஏன் இங்க வந்தே?"

"ஊர் வாட்ஸப் குரூப்ல படம் போட்டது தப்பாப் போச்சு. எல்லாரும் குதிரைத் தளைங்கறாங்க."

சிரிப்பு வந்தது எனக்கு. கசாக் குரூப்பில் இரும்பைப் போட்டால் குதிரையைத் தவிர வேறு பதில் வராது. சைக்கிள் செயினைப் போட்டாலும் கடிவாளம் என்பார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் பஸ் ஏறி நேரிலேயே வந்திருந்தார். மூலை நாற்காலியில் கம்பளிச் சால்வையோடு உட்கார்ந்திருந்த உல்போல்சின் அக்காதான் அவர். ஊற்றி வைத்த பால் டீயைத் தொடவே இல்லை.

"அது விலங்கும் இல்ல, ஜுங்காரும் இல்ல. எங்க தாத்தா கொல்லன்கிட்டச் சொல்லிச் செஞ்ச தளை. குதிரை ரெண்டு முன்னங்காலையும் சேத்துப் போட்டா ஓடாது, திருடனும் ஓட்டிட்டுப் போக முடியாது. அந்த முள்ளு எங்க வம்சக் குறி. எங்க வீட்டுச் சட்டிலகூட இருக்கும்," என்றார்.

அகாய் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க கையவிட்டு எப்பப் போச்சு, தங்கச்சி?"

"என் தம்பியோட போச்சு."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு உல்போல்சின் என்று பெயர் வைத்தால், அடுத்ததாவது பையனாக இருக்கட்டும் என்று பெற்றவர்கள் வேண்டிக்கொள்கிறார்கள் என்று பொருள். வேண்டியபடியே பிறந்தவன் சகிந்திக். சோவியத் காலத்தின் கடைசியில், அரசுப் பண்ணையின் நாற்பது குதிரைகளை ஓட்டிக்கொண்டு இலையுதிர்கால மேய்ச்சலுக்குப் போனான். அவனும் வரவில்லை, குதிரையும் வரவில்லை. எல்லை தாண்டி விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று எழுதிக் கேஸை மூடினார்கள். அன்றிலிருந்து அது திருடன் வீடு. அக்காவுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றது. அம்மா தெருவில் தலையைத் தூக்காமலே நடந்து, அப்படியே செத்தும் போனார்.

"வெள்ளிக்கெழமதோறும் செத்தவங்க பேரச் சொல்லி ஏழு ரொட்டி சுடறேன். அப்பா பேரச் சொல்றேன், அம்மா பேரச் சொல்றேன். அவன் பேரச் சொல்ல முடியல. உசுரோட இருக்கறவன் பேர அதுல சொல்லக் கூடாது. செத்தான்னு முல்லா ஒத்துக்க மாட்டேங்கறார், ஓடிப்போனவனுக்கு எதுக்குத் தொழுகைங்கறார்." அக்காவின் குரல் உடையவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய குரல் அது. "என் தம்பி திருடனா, செத்தவனா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கெழமைக்குச் சொந்தக்காரங்கள எல்லாம் வரச்சொல்லிட்டேன்."

"பதில் தெரியறதுக்கு முன்னாடியேவா அக்கா?" என்றேன்.

"தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். குதிரையோட தளை சேத்துல கெடந்துச்சுன்னா குதிரையும் சேத்துலதான், அவனும் சேத்துலதான். ஓடிப்போனவன் தளைய சேத்துல போட்டுட்டா ஓடுவான்? நீங்க ஒரு வார்த்த சொன்னா முல்லா கேப்பார். போலீஸ்காரர் சொன்னாருன்னு ஆயிடும்."

சால்வைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். குதிரைமேல் ஒரு விடலைப் பையன், முகமெல்லாம் பல். கையில் குதிரை பிடிக்கிற நீளக் கழி.

"இடது கையில புடிச்சிருக்கானே?" என்றார் அகாய்.

"எல்லாமே அதுலதான். பீச்சாங்கையன்னு ஊரே கேலி பண்ணும்."

அகாய் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். "வியாழக்கெழம உங்க வீட்டுக்கு வர்றோம். உங்ககிட்ட குதிரை இருக்கில்ல?"

"குதிரை இல்லாம இருப்பமா?" என்று அக்கா கேட்டார். முதல்முறையாக முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

---

கராசோர் உப்புச் சதுப்பு, பார்க்க வெள்ளையாக, கெட்டியாக, நல்ல பிள்ளை போல இருக்கும். மேலே காலை வைத்தால் முழங்கால்வரை வாங்கும். வலேரா பலகை போட்டுப் போட்டு எங்களைக் கூட்டிப் போனான். நான் பின்னால் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே போனேன். பயம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"இங்கதான்." வலேரா காட்டிய குழியில் கறுப்புத் தண்ணீர் ஊறி நின்றது. "முழங்கை ஆழத்துல இருந்துச்சு. மெஷின் கத்தின கத்துல புதையல்னே நெனச்சேன்."

"எடுக்கும்போது பூட்டியிருந்துதா, தெறந்திருந்துதா?"

"ரெண்டும் பூட்டித்தான். நான்தான தெறந்தேன்."

"எலும்பு?"

"மாட்டெலும்பு, குதிரையெலும்பு எதுவும் இல்ல. குதிரைன்னா பல்லே இவ்வளவு பெருசு இருக்கும், தெரியாமப் போகுமா? அதனாலதான் மியூசியம்காரர் சொன்னத நம்பினேன்."

பூட்டிய தளை கிடக்கிறது, பூட்டிய கால் இல்லை. குதிரை காலைக் கழற்றி வைத்துவிட்டா போயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். அகாய் என்னைக் கவனிக்கவில்லை. அவர் சதுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மண்சுவர் வீடு, பக்கத்தில் வைக்கோல் போர், கொடியில் காயும் துணி. சிவப்புத் துணி எது, நீலம் எது என்று இங்கிருந்தே பிரித்துச் சொல்லலாம்.

"யார் வீடு அது?"

"அதான் உல்போல்சின் அக்கா வீடு. சுத்திக்கிட்டுப் போனாத்தான் தூரம். நேராப் பாத்தா கூப்புடுற தூரம்," என்றான் வலேரா.

அகாய் அந்தத் துணிகளையே பார்த்தார். பிறகு வலேராவின் இடுப்பைக் காட்டினார். "அந்தப் பையில என்ன?"

"குப்பை. தேடறவன் எல்லாரும் ஒண்ணு கட்டியிருப்பான். மூடி, ஆணி எது கத்தினாலும் தோண்டி இதுல போட்டுருவோம். அங்கயே விட்டா அடுத்த தடவையும் அதுவே கத்தி உயிர வாங்கும்."

"இந்தக் குழிலேருந்து குப்பை எதுவும் வந்துதா?"

"வந்திருக்கும். யாரு ஞாபகம் வச்சுக்கறா?"

"கொட்டு."

பலகைமேல் கொட்டினான். பீர் மூடிகள், தோட்டா உறைகள், மீன் டப்பா, டிராக்டர் நட்டு, யாரோ தொலைத்த வீட்டுச் சாவி. அகாய் குந்தி உட்கார்ந்து, பிச்சை அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கினார். எல்லாம் செம்மண் படிந்து பழுப்பாக இருந்தன. இரண்டே இரண்டு துண்டுகள் மட்டும், தளை எந்தக் கறுப்போ அதே கறுப்பு. பிறை வடிவம், கட்டை விரல் நீளம், மூன்று மூன்று ஆணித் துளைகள்.

"கழுதைக்குட்டி லாடமா?" என்றேன்.

"உன் கால எடு."

எடுத்தேன். என் பூட்ஸின் குதிகாலுக்குக் கீழே அந்தப் பிறையை வைத்தார். அச்சாகப் பொருந்தியது. அந்தக் காலத்தில் பூட்ஸ் தேயாமலிருக்கக் குதிகாலில் இரும்பு அடிப்பார்கள். என் அப்பா பூட்ஸிலும் இருந்தது.

"குதிரை பூட்ஸ் போடாதே அகாய்," என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. வாயிலிருந்த விதையைத் துப்பிவிட்டேன்.

"பூட்ஸ் போட்டவன் இங்க இருந்தான். அவ்வளவுதான் தெரியும். குதிரையோட வந்து, குதிரை தப்பிச்சு, அவன் மாட்டியிருக்கலாம்," என்றார் அகாய். தனக்கே பிடிக்காத சாக்கைச் சொல்கிற குரலில் சொன்னார். பிறகு எங்கள் இருவரையும் காருக்குப் போகச் சொல்லிவிட்டுக் குழிப் பக்கம் அவர் மட்டும் நின்றார். நாங்கள் காரில் காத்திருந்தோம். அவர் வந்து ஏறியபோது கை இரண்டும் முழங்கைவரை கறுப்பாக இருந்தது. குழியை மூடிவிட்டேன், சனிக்கிழமை போலீஸுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். உள்ளே என்ன பார்த்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

---

வியாழக்கிழமை மதியம் உல்போல்சின் அக்கா வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஆடு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். மாவுக் கையோடு ஓடி வந்து எங்களை வரவேற்றார்.

"முதல்ல வேல, அப்புறம் டீ," என்றார் அகாய்.

குதிரையைப் பிடித்துவந்தது அக்காதான். சாந்தமான பழுப்புக் குதிரை. அகாய் தளையை முன்னங்கால்களில் வைத்தபோது வளையம் தளர்வாக ஆடியது. என் மனம் துணுக்குற்றது. அக்கா சிரித்துவிட்டார்.

"போலீஸ்காரருக்குக் குதிரை கட்டத் தெரியல. உள்ள நம்தா வைக்கணும் அண்ணே. வெறும் இரும்பு காலை அறுத்துராதா?"

ஒரு கம்பளி நம்தாத் துண்டை மடித்து உள்ளே வைத்துப் பூட்டினார். வளையம் கச்சிதமாக உட்கார்ந்தது. குதிரை அலட்டிக்கொள்ளாமல் புல்லைத் தேடியது. வளையங்களின் மழமழவென்று தேய்ந்திருந்த கீழ்விளிம்பும் சரியாகக் குளம்புக்கு மேலே வந்து நின்றது. பல வருடம் குதிரைக் காலில் கிடந்து தேய்ந்த தேய்மானம் அது.

"பாத்தீங்களா?" அக்கா குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "நாஞ்சொல்லல? குதிரைத் தளைதான். நாஞ்சொல்லல?"

"குதிரைத் தளைதான் தங்கச்சி. நீங்க சொன்னதுதான் சரி," என்றார் அகாய்.

"எண்ணெய் காயுது, இருங்க. ஒரே நிமிஷம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அந்த வயதிலும் அந்த ஓட்டம்.

அகாய் தளையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, குதிரையை வீட்டின் மறுபக்கம் கொண்டுபோய்க் கட்டச் சொன்னார். கட்டிவிட்டு வந்தேன். கொட்டகைக்குப் பின்னால், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார். உட்கார்ந்ததுமே அந்த இரும்பை என் கால்களில் மாட்டிப் பூட்டிவிட்டார், பூட்ஸோடு. நம்தா இல்லாத வளையம் பூட்ஸ் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

"என் பொண்டாட்டி செய்ய நெனச்சத நீங்க செஞ்சுட்டீங்க," என்றேன்.

"இந்தா கல்லு. சங்கிலிய அறுத்துக்கிட்டுத் தப்பிச்சுப் போ."

"கல்லால எப்படி அறுக்கறது?"

"அறுக்க முடியாது. முயற்சி பண்ணு."

முழங்காலை மடக்கிக் குனிந்து, வலது கையால் ராவ ஆரம்பித்தேன். கை எட்டியது நடுக் கண்ணிகளுக்கும் வலது பூட்டின் கீலுக்கும்தான். கொஞ்ச நேரத்திலேயே தோள் விட்டுப்போயிற்று. அகாய் என் கையைப் பிடித்து நிறுத்தி, சங்கிலியைத் தூக்கி வெயிலில் காட்டினார்.

நான் போட்ட கீறல்கள் புதுசாக மின்னின. அவற்றுக்குக் குறுக்கே, அதே கண்ணிகளில், பழைய கீறல்கள். நூற்றுக்கணக்கில். ஆழமே இல்லாமல், மேலும் மேலும், ஒன்றன்மேல் ஒன்றாக. இடது பூட்டின் கீல் பாதி தேய்ந்திருந்தது. என் கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, அந்தக் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

"திருட வந்தவன் அரத்தோட வருவான், ஒரே எடத்துல அறுப்பான். குதிரைக்குக் கல்லப் புடிக்கத் தெரியாது," என்றார் அகாய். "உனக்கு எந்தக் கை?"

"வலது."

"அவனுக்கு?"

கழி பிடித்திருந்தது இடது கை. போட்டோவில் இருந்த அந்தப் பல் வரிசை ஞாபகம் வந்தது.

அகாய் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "வந்தவனுங்க அவன அடிச்சுப்போட்டு, அவன் கழுத்துல மாட்டியிருந்த சாவியவே எடுத்து, அவன் குதிரைத் தளையக் கழட்டி அவனுக்கே போட்டுட்டாங்க. நாப்பது குதிரையும் போச்சு. கொல்லல. கொன்னா பாவம்னு நெனச்சிருப்பானுங்க. நடுக்காட்டுல விட்டுட்டுப் போனாப் பாவம் இல்ல பாரு."

"மேய்ச்சல் எவ்வளவு தூரம்?"

"குதிரைல போனாலே ஒரு பகல். இவன் தத்திக்கிட்டும் தவழ்ந்துகிட்டும் வந்திருக்கான். எத்தன நாளோ. வீட்டுக்கு எதிர்ல வரைக்கும் வந்துட்டான். சுத்திப் போக உடம்புல தெம்பில்ல, நேரா எறங்கிட்டான். கால்ல இவ்வளவு இரும்போட எறங்குனா சேறு விடுமா?"

"கூப்புடுற தூரம்னு வலேரா சொன்னானே. கத்தியிருக்கலாமே."

"உப்பு நெலத்துல குடிக்க என்ன இருக்கு? அந்தத் தொண்டைல என்ன சத்தம் வரும்?"

மியூசியம்காரர் நூற்றாண்டில்தான் தப்புப் பண்ணினார், காலில் தப்புப் பண்ணவில்லை. ஊர் மொத்தமும் குதிரை என்று சொன்னபோது மனுஷன் கால் என்று சொன்ன ஒரே ஆள் அவர். அதைச் சொல்லி அகாயைச் சீண்டலாம் என்று தோன்றியது, என் காலில் கிடந்த இரும்பைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

"இப்ப அக்காகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

"மூட்டத்துல வழி தவறி சேத்துல எறங்கிட்டான். குதிரைக்குத் தளை போட்டுட்டு, விடியட்டும்னு நின்னுருக்கான். நின்ன எடத்துலயே சேறு வாங்கிடுச்சு. குதிரையும் அவனும். சட்டுனு முடிஞ்சுடுச்சு. திருடன் இல்ல, செத்தவன். நாளைக்குத் தொழுகை நடக்கட்டும், ரொட்டி சுடட்டும்."

"பொய்யி."

"பாதிப் பொய்யி. இது அவளுக்குக் குதிரைத் தளையாவே இருக்கட்டும், கென்ஜே. நீ வாயத் தெறந்தே, வேலைய விட்டுத் தூக்கிருவேன்." இந்த முறை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. "எழுந்து அந்தப் போர் வரைக்கும் போயிட்டு வா. இதப் போட்டுக்கிட்டு ஒருத்தன் அவ்வளவு தூரம் வர முடியுமான்னு பாக்கணும். பொய் சொல்றதுக்கு முன்னாடி உண்மை என்னன்னு எனக்கு முழுசாத் தெரியணும்."

எழுந்தேன். அடி எடுத்து வைக்க முடியவில்லை. அரை அடி நகர்த்தலாம், இல்லாவிட்டால் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கலாம். குதித்தால் இரும்பு எலும்பில் இடித்தது. கொஞ்சம் தத்தி, கொஞ்சம் இழுத்து, நின்று, மறுபடி தத்தினேன். போரைத் தொட்டுத் திரும்பும்போது கீழே விழுந்து, எழுந்து, மீண்டும் இழுத்தேன். சங்கிலி இரண்டு முறை சிணுங்கும், நின்றுவிடும். பிறகு இரண்டு முறை சிணுங்கும்.

சமையலறை ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கென்ஜே, தம்பி! யாரோட குதிரையோ வந்திருக்கு பாரு. தளையோட மேயுது. போர்ல வாய வச்சுரும், தொரத்திவிடு."

அகாய் சட்டென்று கையைத் தூக்கினார். நான் அசையாமல் நின்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. சத்தம் நின்றதும் அக்கா வெளியே வந்துவிட்டார்.

கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்தவர் குதிரையைத் தேடினார். போரைப் பார்த்தார். அந்தப் பக்கம் கட்டியிருந்த தன் குதிரையை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை, காலை.

"இங்க ஒரு குதிரை..." என்றார்.

"இவன் வெளையாட்டுக்கு மாட்டிக்கிட்டான் தங்கச்சி," என்று அகாய் எழுந்தார். "அறிவுகெட்டவன். நீங்க வாங்க, உள்ள போயிப் பேசலாம். உங்க தம்பி மூட்டத்துல..."

அக்கா மாவுக் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். திரும்பிச் சதுப்பைப் பார்த்தார். அகாய் மூடிவிட்டு வந்த குழியின் கறுப்பு, அந்த வெள்ளையில் தெளிவாகத் தெரிந்தது. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் இத்தனை நாள் தேடியதை அங்கேயே நின்று தானாகக் கோர்த்துக்கொண்டார்.

"அந்த வருஷம் ரொம்ப மூட்டம்," என்றார். "கைய நீட்டுனா கை தெரியாது. சாயங்காலத்துலேருந்து இந்தச் சத்தம் கேட்டுச்சு. யாரோட குதிரையோ தளையோட மேயுதும்மான்னு அம்மாகிட்ட நான்தான் சொன்னேன். சேத்துப் பக்கம் போயிரப் போவுது, எழுந்துபோயித் தொரத்திவிடுன்னாங்க அம்மா."

அக்கா சதுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நம்ம குதிரை இல்லையே, குளுருதுன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டேன். அவன் மேய்ச்சல்ல இருக்கான்னுதான நெனச்சோம். மறுநாளும் கேட்டுச்சு. விட்டு விட்டுக் கேட்டுச்சு. அப்புறம் நின்னுடுச்சு. சொந்தக்காரன் வந்து ஓட்டிட்டுப் போயிட்டான்னு நெனச்சோம்."

உள்ளேயிருந்து எண்ணெய் கருகும் வாசனை வந்தது. யாரும் போய் அடுப்பை அணைக்கவில்லை. தேர்ந்த புலன்விசாரணை அதிகாரியான செய்சென் அகாய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. என்னை நடக்கச் சொன்னதற்காக. பிறகு நடந்ததற்காக என்மேலேயே வந்தது.

"அவன் திருடன் இல்ல தங்கச்சி," என்றார் கடைசியில். "அது மட்டும் உறுதி."

"ம்." தலையாட்டினார். ஊரே சொல்லட்டும் என்று அவர் காலமெல்லாம் காத்திருந்த வார்த்தை. கடையில் மிச்சச் சில்லறை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார். "மூட்டத்துலன்னு என்னவோ சொல்ல வந்தீங்களே, அதையே நாளைக்கு முல்லாகிட்டயும் ஊர்லயும் சொல்லுங்க. நல்லாச் சொல்லுங்க. எனக்கு வேணாம்."

அகாய் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தபடி என் பக்கம் வந்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். என் முன்னால், வைக்கோல் தூசியில், இரண்டு முழங்காலும் தரையில் பதிய உட்கார்ந்தார்.

"அக்கா, வேணாம், நானே கழட்டிக்கறேன்," என்றேன்.

"அசையாத."

விரலெல்லாம் மாவு. சாவி வழுக்கியது. வலேரா ராவிய சாவி லேசில் பணியாது என்று எனக்குத் தெரியும். அகாய் குனிந்து உதவப் போனார், முழங்கையால் தள்ளிவிட்டார். எதையாவது உளறிச் சூழ்நிலையை மாற்றத்தான் எனக்குத் தெரியும்.  நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே அவர் மூச்சு இரைத்தது, சாவி திரும்பத் திரும்ப இரும்பில் உரசியது. வலது பூட்டு திறந்தது. இடது பூட்டுக்கு அதைவிட நேரமானது. அதுவும் திறந்து, இரும்பு தரையில் விழுந்த பிறகும், அவர் என் காலை விடவில்லை.